நாய்களுக்காக, நாய்க்காக அல்ல

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் தினமும் அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறாக்குகிற மா ஒக்சூனின் நாய் காணாமல் போனது ஜூன் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்தபோது வாசலில் கயிறு மட்டும் கிடந்தது. பிய்ந்த கயிறு அல்ல. கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்த கயிறு.

"மத்தியானம் நாய் வாங்குற வண்டி ஒலிபெருக்கி போட்டுக்கிட்டுப் போச்சே அக்கா. உங்க நாய் குலைக்கவே இல்லியே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அது யாரைப் பார்த்தும் குலைக்காது. அதன் பெயர் நுருங்ஜி. பானையின் அடியில் பிடித்துப் பழுப்பேறும் சோற்றுப் பொருக்கின் பெயர் அது. நாயின் நிறமும் அதுதான், அதற்குப் பிடித்த தீனியும் அதுதான். புருஷன் போய்ச் சேர்ந்து, மகனும் உல்சான் நகரத்துக் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போன பிறகு, "வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்க ஒக்சூனுக்கு இருந்த ஒரே காரணம் அந்த நாய்தான்.

கோடையின் மூன்று கொடுநாட்களில் முதலாவதான சோபொக்குக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கொதிக்கக் கொதிக்க இறைச்சி ரசம் குடித்தால் வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் சப்புக்கொட்டத் தொடங்கும் பருவம். வீட்டு வாசல்களில் நாய்கள் குறைகிற பருவமும் அதுவே.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். கூண்டுக்கு ஐந்தாறு நாய்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பதன் முதுகில் மேலே இருப்பதன் மூத்திரம். ரப்பர் ஏப்ரன் கட்டிய கடைக்காரன் தோலில் மயிர் பொசுக்கும் குழலை அணைத்துவிட்டுக் கேட்டான்:

"என்னக்கா, உசுரோட வேணுமா, துண்டு போட்டா?"

"என் நாயைத் தேடுறேன் தம்பி. மஞ்சள் நாய். ஒரு காது மடிஞ்சிருக்கும்."

"இங்க இருக்கிறது எல்லாமே யாரோட நாயோதான். எத்தனை கிலோன்னு சொல்லுங்க."

அடுத்த கடையில் மூட்டுவலிக்குப் பூனைச் சாறு, பொட்டலம் பொட்டலமாக. ஒக்சூன் சாக்கடையோரம் குந்தி, காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். சாக்கடைத் தண்ணீரில் மஞ்சள் மயிர் மிதந்தது. அதைப் பார்த்ததும் மறுபடி எடுத்தாள். நிமிர்ந்தபோது எதிர்க் கம்பத்தில் ஒரு சுவரொட்டி: 'குரலற்றவர்களின் குரல் நாங்கள். அனைத்துயிர் அன்புப் பேரவை.' கீழே முகவரி. வாயைத் துடைத்துக்கொண்டு நேராக அங்கே போனாள்.

ஏழாவது மாடியில் இருந்த பேரவை அலுவலகத்தில் அப்போது கூட்டம் தொடங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி அடித்தது. இருபது பேரும் எழுந்து நின்று தலையை உயர்த்தி வாயைப் பெரிதாகத் திறந்தார்கள். யாரும் ஒரு சத்தமும் போடவில்லை. அரை நிமிடம் அப்படியே நின்றார்கள். பல் டாக்டர் யாரோ வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஒக்சூனும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"இது ஓசையில்லாக் குரைப்பு. குரலற்றவர்களுக்காக. அரை நிமிஷத்துக்கு முன்னால வாயை மூடிட்டீங்க. பரவால்ல, புதுசு" என்று விளக்கினாள் செயலாளர் கில் மிரான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு அட்டை, அட்டையில் எப்போதும் ஒரு படிவம்.

"என் நாயைக் காணோம்மா. ஒரு வண்டிக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

மிரான் அனுதாபத்தோடு சிரித்தாள். "ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும் அம்மா. நாங்க நாய்களுக்காக இருக்கோம். நாய்க்காக இல்ல."

"அப்படின்னா?"

"ஒரு நாய்னா அது தனிப்பட்ட விவகாரம். லட்சம் நாய்னா அது கொள்கை. ஆனா நீங்க வந்தது நல்லதாப் போச்சு. சோபொக் அன்னைக்குச் சதுக்கத்துல பெரிய ஆர்ப்பாட்டம். போன வருஷம் மேடையில ஏத்த ஒரு பாதிக்கப்பட்டவர்கூடக் கிடைக்கல. படிவத்தை நிரப்புங்க."

படிவத்தில் 'நாய் இறந்த தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. இறக்காத நாய்க்குக் கட்டம் இல்லை. ஒக்சூன் அதைக் காலியாக விட்டாள். மிரான் தன் பேனாவால் செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதினாள்.

"உசுரோட இருக்கலாமேம்மா!"

"இருக்கலாம். ஆனா மேடையில ஏறி 'இருக்கலாம்'னு சொன்னா யாரு அழுவாங்க?"

ஒக்சூனுக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் சந்தையின் நாற்றம் இன்னும் மூக்கில் இருந்தது. அந்தக் கடைகளுக்கு எதிராக ஊரில் வாய்திறக்க இவர்களாவது இருக்கிறார்களே என்று கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், பள்ளி விட்டதும் ஒத்திகை. முதல் வாரம் முழக்கம். இரண்டாம் வாரம் கண்ணீர். "இடது பக்கம் திரும்பி அழுங்க, கேமரா இடதுலதான் இருக்கும்" என்று மிரான் சொல்லிக்கொடுத்தாள். ஒக்சூனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது மட்டும் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்குப் போய் ரைஸ் குக்கரின் அடியைச் சுரண்டும்போது வந்தது. ஆனால் அங்கே கேமரா இல்லை.

ஒத்திகையில் அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் நாம்குங். அவர்தான் பேரவையின் பூனைப் பிரிவு. பிரிவில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. தன் தெருவில் சோறு வைத்து வளர்த்த பதினோரு பூனைகளை மூட்டுவலி மருந்துக்காரன் சாக்கில் கட்டிக்கொண்டு போன பிறகு சேர்ந்தவர். 'பூனையும்' என்று ஒரே சொல் எழுதிய பலகை வைத்திருந்தார்.

"என் பலகை நாய்ப் பலகையைவிட ஒரு சாண் தாழ்ந்து நிக்கணுமாம் தங்கச்சி. செயற்குழுத் தீர்மானம்" என்றார்.

"எதுக்காம்?"

"மக்களுக்குக் குழப்பம் வந்துடுமாம். இந்த வருஷம் நாய்க்கு மட்டும்தான் இரக்கப்படணுமாம். பூனை அஞ்சாண்டுத் திட்டத்துல நாலாவது வருஷம் வருது. அதுவரைக்கும் எங்க தெருவுல பூனை மிஞ்சியிருந்தாத் தேவலாம்."

சோபொக் வந்தது. நடுப்பகலில் முப்பத்தாறு டிகிரி. சதுக்கத்தின் தார் பிசுபிசுத்துச் செருப்பைப் பிடித்து இழுத்தது. சாலையின் ஒரு பக்கம் பேரவை. மறுபக்கம் நாட்டு உணவு மரபுக் காப்புச் சங்கம், அதாவது நாய்ப் பண்ணைக்காரர்கள். அவர்களும் முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். நீள மேசை போட்டு, சட்டிகளில் ஆவி பறக்க, பொதுமக்கள் பார்க்கப் பார்க்கத் தின்பதுதான் அவர்களுடைய போராட்டம். நடுவில் இரண்டு வரிசை இரும்புத் தடுப்பு, அதற்குள் மூன்று மீட்டர் அகலத்துக்கு வெற்றுச் சாலை. அந்த வெற்றுச் சாலைக்குப் பொறுப்பாக இன்ஸ்பெக்டர் பாங் வேர்த்துக்கொண்டு நின்றார்.

பேரவைத் தலைவர் யோம் குளிர்சாதன வேனிலிருந்து இறங்கி மேடையேறினார்.

"பெருமக்களே! முப்பதாண்டுகளாக இந்த நெஞ்சு நாய்களுக்காகத் துடித்துக்கொண்டிருக்கிறது! இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தார்கள், இரண்டு முறையும் நான் கேட்ட முதல் கேள்வி, 'பத்திரிகைக்குச் சொல்லியாயிற்றா?' என்பதே! ஏன்? என் உடல் என்னுடையதல்ல, இயக்கத்தின் உடல்! நாயிறைச்சி வணிகம் நாளையே ஒழிந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று என் மனைவி கேட்டாள். அந்த நாளை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை!"

கைதட்டல் எழுந்தது. கறுப்புத் துக்க உடையில் மேடையோரம் நின்ற ஒக்சூனுக்கு வியர்வை முழங்காலுக்கு இறங்கியது. மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. அதில் எட்டுக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு நாய். மூன்று வாரத்துக்கு முன்னால் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒன்றை மறித்துப் பேரவை மீட்ட நாய்கள் அவை.

"மீட்டுட்டீங்கதானே, அப்புறம் எதுக்குக் கூண்டு?" என்று ஒக்சூன் கேட்டாள்.

"கூண்டில்லாம நாய் நின்னா அது வெறும் நாய்" என்றாள் மிரான். "அதே கூண்டு, அதே துரு. குளிப்பாட்டக்கூட இல்ல, அந்தந்த அழுக்கு அப்படியே இருக்கு. உண்மைத்தன்மைக்கு."

"நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கும்மா. தண்ணி?"

"படம் எடுத்து முடிச்சதும். கிண்ணம் படத்துல விழுந்தா, நல்லாத்தானே வெச்சிருக்காங்கன்னு சொல்லிடுவாங்க."

நாலாம் கூண்டில் ஒரு காது மடிந்திருந்தது.

ஒக்சூன் கிட்டே போனாள். விலா எலும்புகள் தெரிந்தன. கண்ணோரம் ஈ மொய்த்தது. வாலோரத்து மயிர் மலத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அது அவளைப் பார்த்தது. எழுந்து நிற்க முயன்று முடியாமல், படுத்தபடியே கூண்டின் தகரத்தில் வாலைத் தட்டியது. டொக், டொக், டொக்.

"நுருங்ஜி!"

அந்த அலறலில் சதுக்கமே அடங்கிப்போனது. பிறகு பெரும் கைதட்டல். நிருபர்கள் ஓடிவந்தார்கள். "அருமை, அருமை, இன்னொரு தடவை" என்றான் ஒருவன். மூன்று வாரம் ஒத்திகையில் வராதது இப்போது வந்துவிட்டதே என்று மிரானின் கண்களே கலங்கிவிட்டன.

"இது என் நாய்! உசுரோட இருக்கு! கூண்டைத் திறங்க!"

மிரான் ஒலிவாங்கியை எட்டி அணைத்தாள். தலைவர் யோம் மேடையிலிருந்து இறங்கி வந்து ஒக்சூனின் தோளில் கைவைத்தார். மேடையில் முழங்கிய நடையை விட்டுவிட்டு சாதாரணப் பேச்சில் சொன்னார்:

"அம்மா, உங்க நாய் செத்துப்போச்சு."

"இதோ இருக்கே ஐயா!"

"நேத்தே பத்திரிகைகளுக்குக் கொடுத்தாச்சு. இது நாலாம் எண். பேரு 'விடுதலை'. கனடாவுல ஒரு குடும்பம் தத்தெடுக்குது, விமான நிலையத்துல வரவேற்புக்குக்கூட ஏற்பாடு ஆயிடுச்சு."

"என்னைப் பாத்து வாலாட்டுதே!"

"வாலாட்டுறதை ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா" என்றாள் மிரான். "வேணும்னா நீங்களும் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

"உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல சமையல்."

"இறைச்சி சமைப்பீங்களா?"

"வியாழக்கிழமை பன்றி."

மிரான் படிவத்தில் ஒரு கோடு இழுத்தாள். "விலங்குக் கொடுமையில் தொடர்புடையவர். மன்னிக்கணும், தகுதி இல்ல."

அந்த நேரத்தில் இரண்டாம் கூண்டு நாய் சாய்ந்தது. கிழட்டுக் கறுப்பு நாய். கால்கள் இருமுறை உதைத்தன, வாயிலிருந்து நுரை வழிந்து தகரத்தில் விழுந்தது. யாரோ ஒரு பெண் தண்ணீர்ப் புட்டியோடு ஓடினாள்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் மிரான். "முதல்ல படம்!"

கேமராக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளைத்தார்கள். ஒருவன் குப்புறப் படுத்து எடுத்தான். ஒருவன் நுரைக்கு வெளிச்சம் போதவில்லை என்று வெள்ளி அட்டை பிடிக்கச் சொன்னான். "முகத்தை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்றான் இன்னொருவன். தலைவர் யோம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கூண்டின் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தார். பேரவையினர் இருநூறு பேரும் வாயைத் திறந்தார்கள். அரை நிமிடம் சதுக்கத்தில் அந்த நாய் மூச்சிழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சந்தையில் ஒக்சூன் சாக்கடையோரம் குந்திவிட்டிருந்தாள். இந்தத் தடவை குந்தி உட்காரவில்லை. நாம்குங்கின் பலகையைப் பிடுங்கினாள். அது இரும்புக் குழாயில் கட்டிய பலகை. குழாயை நாலாம் கூண்டின் கொண்டியில் நுழைத்து நெம்பினாள். அறுநூறு பேருக்குச் சோறு கிண்டிய தோள்கள். துருப்பிடித்த கொண்டி இரண்டாவது நெம்பலில் பெயர்ந்தது. நாயை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். 'பூனையும்' என்ற பலகை அவள் கையோடு போயிற்று.

ஓடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. தடுப்பைத் தாண்டி நடுவிலிருந்த வெற்றுச் சாலையில் போய் விழுந்தாள். இடுப்புப் பையிலிருந்த புட்டித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினாள். நுருங்ஜி நக்கியது.

எதிர்ப்பக்கத்து ஒலிபெருக்கி கரகரத்தது. மரபுச் சங்கத் தலைவர் குவாக், ஒரு கையில் சட்டியும் மறு கையில் ஒலிவாங்கியுமாக:

"போலீஸ்கார ஐயா! அந்த எட்டும் எங்க உறுப்பினரோட சரக்கு! திருட்டுச் சரக்கு! இங்க அனுப்பி வைங்க!"

"அது எங்கள் இயக்கத்தின் சின்னம்!" என்று இந்தப் பக்கத்திலிருந்து யோம் முழங்கினார்.

சாலையின் இந்தப் பக்கம் சின்னம், அந்தப் பக்கம் சரக்கு. இரண்டு பக்கமும் சேர்ந்து ஐந்நூறு பேர் இருந்தும் அதை நாய் என்று சொன்னவள் ஒருத்திதான்.

இன்ஸ்பெக்டர் பாங் சட்டைப் பையிலிருந்து இரண்டு அனுமதித் தாள்களை எடுத்துப் படித்தார். "பேரவை: ஆள் இருநூறு, நாய் எட்டு. சங்கம்: ஆள் முந்நூறு, நாய்..." கொஞ்சம் யோசித்தார். "உயிருள்ள நாய் இல்லை. அப்ப இந்த நாய் அனுமதி முடியுற நாலு மணி வரைக்கும் பேரவைப் பக்கம்தான் இருக்கணும். சட்டம் அப்படி. நீங்க எந்தப் பக்கம்மா?"

"எந்தப் பக்கமும் இல்ல."

"ஏதாவது ஒரு பக்கம் இருந்தாத்தான் உங்களை அந்தப் பக்கம் தள்ள முடியும்."

"நான் தனி ஆளு சார்."

பாங்கின் முகம் தெளிந்தது. காலையிலிருந்து அவருக்குப் புரிகிற மாதிரி யாரும் பேசியிருக்கவில்லை. "தனி ஆளா? கையில பலகை இருக்கு. அப்ப இது தனியாள் போராட்டம். அதுக்கு அனுமதி தேவையில்ல, நாங்க தடுக்கவும் முடியாது. நின்னுக்கிட்டும் நடத்தலாம், நடந்துக்கிட்டும் நடத்தலாம்."

"நாய்?"

"நாய் ஆள் கணக்குல வராது. நீங்க கிளம்புங்க. ஒண்ணே ஒண்ணு, இன்னொரு தனி ஆள் வந்தா நடுவுல இருபது மீட்டர் இருக்கணும். அதுக்குக் கம்மியானா கூட்டம்."

ஒக்சூன் நாயைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தடுப்புகளுக்கு நடுவே, பலகையை உயர்த்திப் பிடித்தபடி நடந்தாள். இரண்டு ஒலிபெருக்கிகளும் அவளை மாறி மாறி வைதன.

இருபது மீட்டர் தாண்டியதும் பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். நாம்குங் வந்துகொண்டிருந்தார். இரண்டாம் எண் கறுப்பு நாய் அவர் கைகளில் துணிபோலத் தொங்கியது.

"தனி ஆளு!" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுத் தாண்டினார்.

அவருக்கு இருபது மீட்டர் பின்னால், தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்த பெண், ஐந்தாம் எண்ணோடு. அவளுக்குப் பின்னால் ஒரு டாக்ஸிக்காரர், முதலாம் எண்ணோடு. பாங் அடியளந்து பார்த்து ஒவ்வொருவராக விட்டார். "தள்ளி வாங்க, தள்ளி வாங்க, பதினெட்டுதான் இருக்கு." எட்டுக் கூண்டும் காலியானது. கடைசி ஆள் தடுப்பைத் தாண்டும்போது தலைவர் யோம் மேடையில் ஏறி, வெறுங்கூண்டுகளைச் சுட்டிக்காட்டி, கூண்டுகளுக்கும் ஒரு மௌனமொழி உண்டு என்று பேசத் தொடங்கியிருந்தார்.

கறுப்பு நாய் கால்நடை மருத்துவமனை வாசலிலேயே இறந்துபோனது. மருத்துவர் வெளியே வந்து, இமையை விலக்கிப் பார்த்து, தலையசைத்துவிட்டு உள்ளே போனார். நுருங்ஜிக்கு மட்டும் குளுக்கோஸ் ஏற்றி, அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம், வெயில் தாழ்ந்தும் சூடு தாழாத நேரத்தில், நாம்குங்கின் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் இருவரும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாம்குங் மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்கினார். பழைய பருத்திப் போர்வையில் சுற்றிய கறுப்பு நாய் புல்லில் கிடந்தது.

"இதுக்கு ஒரு பேராவது வெச்சிருப்பாங்களா தங்கச்சி?"

"யாரோ வெச்சிருப்பாங்க அண்ணே. நமக்குத்தான் தெரியல."

ஒக்சூனின் கைபேசி அடித்தது. மிரான்.

"அம்மா, நடந்ததையெல்லாம் மறந்துடுவோம். தலைவர் உங்களை மன்னிச்சுட்டாரு. அந்த ரெண்டாம் எண் போயிடுச்சாமே, மருத்துவமனையில விசாரிச்சோம், வாசல் வரைக்கும் வந்துச்சுன்னாங்க. உடம்பு உங்ககிட்டதானே இருக்கு?"

ஒக்சூன் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"கெட்டுப்போகாம வைங்க. ஐஸ் போட்டு, முக்கியமா முகத்துல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நிருபர்கள் வர்றாங்க, ஒன்பதுக்கு வண்டி அனுப்புறேன். கண்ணாடிப் பெட்டி சொல்லியாச்சு. கண்ணு திறந்திருக்கா, மூடியிருக்கா?"

ஒக்சூன் போர்வையைப் பார்த்தாள். ஒரு முன்னங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதை உள்ளே மடித்து வைத்தாள்.

"அது பிழைச்சுடுச்சும்மா" என்றாள்.

"என்னது?"

"பிழைச்சுடுச்சு. வாசல்லயே கண்ணைத் திறந்துடுச்சு. இப்பத்தான் ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சுது. நல்லா இருக்கு. முத்தத்துல ஓடுது."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"ஓ..." என்றாள் மிரான். யாரோ கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். பிறகு பேனா மூடியை மூடும் சத்தம். "அப்படியா. சரி, பாத்துக்கங்க."

தொடர்பு அறுந்தது. நாம்குங் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே தேடமாட்டாங்க அண்ணே. இன்னும் ஒரு முழம் வெட்டுங்க, நரி தோண்டாம இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒக்சூன் நாயைத் தூக்கினாள்.